டெண்டருக்கு முன்னும் பின்னும்

வாசகர் கேள்வி – பதில்

அரசுத் துறைகளின் பெரிய கொள்முதல்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறோம். அதிகாரி பெயர், நிறுவனத்தின் பெயர் போட்டுப் புகாராக வந்தவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. அவை போக வேண்டிய இடம் வேறு. அது எது என்பது கடைசிப் பதிலில் இருக்கிறது.

குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான், அதாவது எல்1-க்குத்தான் ஆர்டர் என்று சட்டமே சொல்கிறது. ஆன்லைன் டெண்டரும் வந்துவிட்டது. அப்புறமும் முறைகேடு என்று செய்தி வருகிறதே, எங்கேதான் நடக்கிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

விலைப்புள்ளி திறக்கிற நாளில் அனேகமாக எதுவும் நடப்பதில்லை. எல்லோர் கண்ணும் அன்றைக்குத்தான் அங்கே இருக்கும். வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். மிச்சம் இருந்தால் பொருள் வந்து இறங்கும்போது முடியும்.

முன்னால் நடப்பது மூன்று முடிவுகள். எவ்வளவு வாங்குவது, என்ன வாங்குவது, யாரெல்லாம் போட்டி போடலாம். எவ்வளவு என்பதைச் சரிபார்க்க இரண்டு எண்கள் போதும்: போன வருடம் செலவானது, இன்று கையிருப்பில் இருப்பது. இந்த இரண்டும் இல்லாத கோப்பில் மூன்றாவது எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாகக் கிளம்பும் கொள்முதல்களில் இது அடிக்கடி விடுபடும். மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் நிதி காலாவதி ஆகிவிடும் என்ற பயமே தேவையாக மாறிவிடுகிறது.

என்ன வாங்குவது என்பது தர விவரம். ஆட்கள் ‘ஸ்பெக்’ என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளி மானிட்டர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘திரை 12 அங்குலமோ அதற்கு மேலோ’ என்று எழுதினால் பத்துப் பேர் வருவார்கள். ‘திரை 12.1 அங்குலம், எடை 4.35 கிலோவுக்கு மிகாமல், கைப்பிடி உள்ளிழுக்கும் வகை’ என்று எழுதினால் ஒரே ஒரு மாடல்தான் நிற்கும். பிறகு எத்தனை பேர் கலந்துகொண்டாலும், விலை உறைக்கு முன் திறக்கும் தொழில்நுட்ப உறையிலேயே மற்றவர்கள் வெளியே. விலை உறை திறக்கும்போது எல்1 நேர்மையாகத்தான் தேர்வாகிறார். போட்டிதான் அங்கே இல்லை. தசமப் புள்ளியோடு அளவு எழுதிய ஸ்பெக்கைக் கண்டால் அந்தப் புள்ளிக்கு மருத்துவக் காரணம் என்ன என்று கேளுங்கள். சில சமயம் உண்மையிலேயே இருக்கும்.

யார் போட்டி போடலாம் என்பது விற்றுமுதல், முன் அனுபவம் பற்றிய நிபந்தனைகள். 5 கோடி ரூபாய் வேலைக்கு 200 கோடி விற்றுமுதல் கேட்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருக்காது, ஆள் இருப்பார்.

பின்னால் நடப்பது: மாதிரியில் காட்டிய பொருள் வேறு, வந்து இறங்கும் பொருள் வேறு, காலநீட்டிப்பு கொடுத்துவிட்டு தாமத அபராதத்தை மறப்பது, கூடுதல் வேலை என்ற பெயரில் ஒப்பந்தத் தொகையை வளர்ப்பது. இவற்றில் எதற்கும் ஆன்லைன் டெண்டர் மருந்து இல்லை. உறையை முன்கூட்டியே பிரிப்பதையும், டெண்டர் போட வருபவரை அலுவலக வாசலில் மடக்குவதையும் அது பெரும்பாலும் நிறுத்தியது. அது சின்ன சாதனை இல்லை, ஆனால் அவ்வளவுதான்.

சிறு தொழில் யூனிட் நடத்துகிறோம். ஒரு துறையின் பம்ப் டெண்டரில் தர விவரம் ஒரே கம்பெனியின் கேட்லாக்கை வைத்து எழுதியது மாதிரி இருக்கிறது. டெண்டர் போடுவதா, விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவதா?
– பம்ப் உற்பத்தியாளர், கோவை

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: டெண்டர் போடும் முன் சந்தேகம் தீர்க்கத் துறை நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். ‘ஒருதலைப்பட்சமாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதினால் ‘டெண்டர் நிபந்தனைப்படி’ என்று ஒரே வரியில் பதில் வரும். எந்தப் பக்கம், எந்தப் பிரிவு, எந்த வாசகம், அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்று எழுதுங்கள். நீர்மூழ்கி பம்ப் என்றால் ஐ.எஸ். 8034 தரம் இருக்கிறது. அந்தத் தரத்துக்கு மேல் கேட்கும் ஒவ்வொரு அம்சமும் பயன்பாட்டுக்கு ஏன் தேவை என்று கேளுங்கள். அந்த அம்சத்தை எத்தனை உற்பத்தியாளர்கள் கொடுக்க முடியும் என்பதையும் கேள்வியிலேயே போடுங்கள். இதற்கு வரும் பதில் கோப்பில் நிற்கும். பின்னால் தணிக்கையாளரும் நீதிபதியும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால், டெண்டரை ஏற்கும் அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பெரிய திருத்த அறிவிப்பு போட்டுவிட்டுத் தேதியை நீட்டாமல் விட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

திருத்தவில்லை என்றாலும் டெண்டர் போடுங்கள். சட்டத்தின் 11-ஆம் பிரிவு தரும் மேல்முறையீடு டெண்டர் போட்டவருக்குத்தான். முடிவு ஆணை கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு போக வேண்டும். இந்த 10 நாளைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். துறைக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டே நாளைக் கழித்துவிடுவார்கள்.

கோர்ட் பற்றி ஒரு வார்த்தை. 1994-இல் டாடா செல்லுலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, எந்தப் பம்ப் நல்லது என்று நீதிமன்றம் சொல்லாது. முடிவெடுத்த முறை சரியா, பாரபட்சம் உண்டா என்று மட்டும் பார்க்கும். ஆகவே மனுவில் உங்கள் பம்பின் பெருமை வேண்டாம். தேதி, வாசகம், பதில் இவைதான் வேண்டும்.

இது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில், ஊராட்சிகளுக்கு இணைய இணைப்பு தரும் பாரத்நெட் திட்டத்துக்காக மாநில ஃபைபர்நெட் நிறுவனம் விட்ட சுமார் 1,950 கோடி ரூபாய் டெண்டரை, நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று வந்த புகாரை ஆராய்ந்து, ரத்து செய்து மறுபடி விடச் சொன்னது மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை. அது 2020 ஜூனில். ஒரு கேபிள்கூடப் புதைக்கும் முன் நிபந்தனையைக் காட்டியே நிறுத்த முடிந்தது.

மத்திய அரசு நிறுவனங்களில் உங்களுக்குக் கூடுதல் பிடி உண்டு. 2012 கொள்முதல் கொள்கைப்படி ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். எல்1 பெரிய நிறுவனமாக இருந்து உங்கள் விலை அதற்கு 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கி ஒரு பங்கு ஆர்டர் கேட்கலாம். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையும் வேண்டாம். உத்யம் எனும் சிறு தொழில் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், பதிவில் உங்கள் பொருள் உற்பத்தியாக இருக்க வேண்டும். வியாபாரம் என்று பதிவாகியிருந்தால் சலுகை கிடையாது.

ஒரே ஒருவர் மட்டும் டெண்டர் போட்டால் அது செல்லுமா?
– வாசகி, கரூர்

செல்லும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: விளம்பரம் சரியாகப் போயிருக்க வேண்டும், தகுதி நிபந்தனை தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது, விலை நியாயமாக இருக்க வேண்டும். ஒருவர்தான் வந்தார் என்பதற்காகவே ரத்து செய்து மூன்று முறை மறு டெண்டர் விட்டு, கடைசியில் அதே ஆளுக்குக் கூடுதல் விலையில் கொடுத்த கோப்புகளும் உண்டு. ஏன் ஒருவர் மட்டும் வந்தார் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்கு கம்பெனிகளும் ஒரே விலை போட்டிருக்கின்றன, பைசா மாறவில்லை. இதுவே கூட்டுச் சதிக்கு ஆதாரம் இல்லையா?
– ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், வேலூர்

சந்தேகத்துக்குப் போதும். தண்டனைக்குப் போதுமா என்பது மற்ற சூழ்நிலையைப் பொறுத்தது. இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளுக்குப் பூச்சி மருந்தாக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்குகிறது. 2009 டெண்டரில் போட்டியாளர்கள் எல்லோரும் கிலோ 388 ரூபாய் என்று போட்டார்கள். கழகம், நிறுவனங்களின் விலைக் கூட்டை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு எழுதியது. கூட்டுதான் என்று ஆணையம் சொன்னதை 2017-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அபராதத்தை மட்டும் மொத்த விற்றுமுதலில் கணக்கிடாமல் அந்தப் பொருளின் விற்றுமுதலில் கணக்கிடச் சொன்னது.

மற்றொன்று 2010-இல் இந்தியன் ஆயில் விட்ட 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் டெண்டர். ஒரே மாதிரி விலைகள், டெண்டருக்கு முன் மும்பை ஹோட்டலில் கூட்டம், எல்லாம் இருந்தது. ஆணையம் அபராதமும் போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாங்குபவர்கள் மூன்றே எண்ணெய் நிறுவனங்கள். விற்பவர்களுக்கு வேறு சந்தையே இல்லை. போன வருட விலை எல்லோருக்கும் தெரியும். ஆகவே கூட்டு இல்லாமலும் விலை ஒன்றுபோல் வர வாய்ப்பு உண்டு என்றது.

கொள்முதல் அலுவலகத்தில் இருப்பவர்கள் விலையோடு நிற்காமல் இதையும் பார்க்க வேண்டும்: இரண்டு நிறுவனங்களின் டெண்டர் ஒரே இணைய முகவரியிலிருந்து ஏறியதா, முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதங்கள் ஒரே கிளையில் அடுத்தடுத்த எண்ணில் இருக்கின்றனவா, ஒரே எழுத்துப் பிழை இரண்டு ஆவணத்திலும் வருகிறதா, வருடா வருடம் எல்1 சுழற்சி முறையில் மாறுகிறதா. போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவில் டெண்டர் கூட்டுக்குத் தனி இடம் உண்டு. முதலில் வந்து ஒப்புக்கொள்பவருக்கு 46-ஆம் பிரிவில் அபராதக் குறைப்பும் உண்டு.

எங்கள் ஊர்ப் பாலத்துக்கு மதிப்பீட்டை விட ரொம்பக் குறைத்து ஒருவர் எடுத்தார். முடியும்போது பில் இரண்டு மடங்குக்கு மேல். இது எப்படி?
– விவசாயி, தர்மபுரி

ஐட்டம் வாரியாக விலை கேட்கிற டெண்டரில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு. மதிப்பீட்டில் மண் தோண்டல் 1,000 கன மீட்டர், பாறை உடைப்பு 100 கன மீட்டர். முதல் ஆள் மண்ணுக்கு 200 ரூபாய், பாறைக்கு 1,500 போடுகிறார். மொத்தம் 3,50,000. இரண்டாமவர் மண்ணுக்கு 260, பாறைக்கு 1,000; மொத்தம் 3,60,000. முதல் ஆள் எல்1. வேலை நடக்கும்போது மண் 400, பாறை 700 கன மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் ஏறுகிறது. முதல் ஆளின் பில் 11,30,000. இரண்டாமவரிடம் கொடுத்திருந்தால் 8,04,000. அளவு மாறியதும் எல்1 யார் என்பதே மாறிவிட்டது. ஆனால் அதைத் திரும்பக் கணக்குப் போடுபவர் யாரும் இல்லை.

பாறை உண்மையிலேயே அங்கே இருந்ததா, முதல் ஆளுக்கு அது முன்பே எப்படித் தெரிந்தது என்பவை தனிக் கேள்விகள். தடுக்கும் வழி இரண்டு. மதிப்பீடு போடும் முன் மண் பரிசோதனைக் குழிகளை உண்மையாகத் தோண்டுவது. இதை அலுவலக மேஜையில் உட்கார்ந்து ‘தோண்டுவது’தான் பெரும்பாலான தகராறுகளுக்கு வேர். அடுத்தது, அளவு கூடும்போது ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துப் புதிய அளவில் எல்லோர் விலையையும் போட்டுப் பார்ப்பது. தணிக்கையாளர்கள் செய்வது இதைத்தான். அரைமணி நேர வேலை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. மாவட்டக் கிடங்கில் மருந்து வந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, கண்ணால் பார்க்கிறோம், தர மாட்டேன் என்கிறார்கள். நோயாளி எங்களைத் திட்டுகிறார். இதுவா கண்காணிப்பு?
– மருந்தாளுநர், கிருஷ்ணகிரி

ஆமாம், இதுதான். எரிச்சல் நியாயம், ஆனால் அந்தப் பெட்டிகளை இன்னும் ‘மருந்து’ என்று கணக்கில் எடுக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் கொள்முதல் சிதறிக் கிடந்தது: ஒரே மாத்திரைக்கு இடத்துக்கு இடம் விலை, ஓரிடத்தில் கையிருப்பு காலாவதியாகும், பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லை என்பார்கள். கழகம் செய்த முக்கியமான மாற்றம் மலிவாக வாங்கியது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் பார்வையில் பொருள் வந்த பிறகு அது போட்ட பூட்டுதான் பெரிய விஷயம்.

நடைமுறை இப்படி. உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்குவது, இடைத்தரகர் இல்லை. இரண்டு உறை: முதலில் தகுதியும் தொழிற்சாலையின் தரமும், பிறகு விலை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் தனியாக அடுக்கப்படும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும், அதாவது பேட்ச் எண் வாரியாக, மாதிரி எடுக்கப்படும். அந்த மாதிரியில் உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் போட்டுத்தான் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்துக்குப் போகும். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. எந்தக் கூடத்துக்குப் போனது என்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது. ‘தரம் சரி’ என்று அறிக்கை வந்த பிறகுதான் அந்த பேட்ச் வினியோகத்துக்குத் திறக்கப்படும். நீங்கள் பார்த்த பெட்டிகள் இந்த இடைவெளியில் நிற்கின்றன.

தோற்றால் அந்த பேட்ச் முழுவதையும் கம்பெனி திரும்ப எடுத்துப் போக வேண்டும். திரும்பத் திரும்பத் தோற்றால் அந்த மருந்துக்கோ கம்பெனிக்கோ கருப்புப் பட்டியல். மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிடச் சொல்வதும் அதே சிந்தனைதான். வெளியே மெடிக்கல் கடையில் கிடைத்தால் திருட்டு தானாகவே தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு. கிடங்கில் எடுக்க எடுக்க பாஸ்புக்கில் கழியும். இன்று எல்லாம் கணினியில். இதனால்தான் ‘தேவையைக் கூட்டிக் கேட்போம், எதற்கும் இருக்கட்டும்’ என்ற பழக்கம் கட்டுப்பட்டது. கூட்டி எடுத்தால் உங்கள் ஒதுக்கீடுதான் கரையும்.

எங்கே உடைகிறது என்றால், ஆர்டர் போடும் நாளில். ஆய்வுக்கு ஆகும் நாட்களைக் கணக்கில் வைக்காமல் கையிருப்பு கரைந்த பிறகு ஆர்டர் போட்டால் சரக்கு வந்தும் நோயாளிக்கு இல்லை. அந்த நேரத்தில் ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதியை வைத்து வெளியே உள்ளூர்க் கொள்முதல் செய்கிறார்கள். அங்கே இந்தப் பூட்டு எதுவும் கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது ‘ஏன் பெட்டியைத் திறக்கவில்லை’ என்று அல்ல. ‘மாதிரி எடுத்த தேதி என்ன, அறிக்கை வந்த தேதி என்ன, ஆர்டர் போட்ட நாளில் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு இருந்தது’ என்று கேளுங்கள். மூன்றும் பதிவில் இருக்கும்.

வெள்ளம், தொற்றுநோய் என்றால் டெண்டரே இல்லாமல் வாங்கலாமா?
– வாசகர், கடலூர்

வாங்கலாம். தமிழ்நாட்டின் 1998 ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இயற்கைப் பேரிடருக்கும், அரசே அறிவித்த அவசர நிலைக்கும் விலக்கு தருகிறது. ஒரே இடத்தில்தான் கிடைக்கும் பொருளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது உண்மைதானா என்று மூன்று நிபுணர் குழு பார்க்க வேண்டும். அதில் ஒருவர் கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வர வேண்டும். விலக்கு டெண்டருக்குத்தான். விலை எப்படி நியாயம் என்று எழுதுவதற்கு விலக்கு இல்லை. தண்ணீர் வடிந்து பல மாதம் கழித்தும் ‘வெள்ள நிவாரணம்’ என்று ஆர்டர் போயிருந்தால் தணிக்கையில் நிற்காது.

மத்திய அரசின் ஜெம் தளத்தில் வாங்கினால் பிரச்சினை இல்லையே?
– பள்ளி ஆசிரியை, மதுரை

ஜெம் என்பது அரசு அலுவலகங்கள் பொருள் வாங்க 2016-இல் வந்த இணையச் சந்தை. நாற்காலி, பிரின்டர், பேப்பர் மாதிரி சாதாரணப் பொருளுக்கு நல்ல வழி. கவனிக்க வேண்டியவை: வெளியே 35,000-க்குக் கிடைக்கும் பொருளுக்கு ஒரு லட்சம் என்று அதிகபட்ச விலை போட்டு ‘60 சதவீதம் தள்ளுபடி’ காட்டுவது, வடிகட்டிகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி ஒரே விற்பனையாளர் நிற்கும் வரை குறுக்குவது, பத்து விதப் பொருளை ஒரே பொட்டலமாகக் கேட்டு சிறு கடைக்காரரை ஒதுக்குவது. ஆர்டர் போடும் முன் வெளிச் சந்தை விலையை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான்.

சிஏஜி அறிக்கை வருகிறது, இரண்டு நாள் டிவியில் சண்டை, அப்புறம் ஒன்றுமில்லை. பயன் என்ன?
– வங்கி ஊழியர், சேலம்

சிஏஜி, அதாவது அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர், தண்டிக்கும் அமைப்பு இல்லை. அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி அறிக்கை நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போகும். பொதுக் கணக்குக் குழு துறைச் செயலரைக் கூப்பிட்டு விசாரிக்கும். 1967 முதல் நாடாளுமன்றக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருக்கும் வழக்கம். அரசு நிறுவனங்களுக்குத் தனியாகப் பொது நிறுவனங்கள் குழு.

டிவியில் வராத பாதிதான் அலுவலகங்களில் வேலை செய்கிறது. தணிக்கைக் குழு அலுவலகத்துக்கு வந்து விசாரணைச் சீட்டு கொடுக்கும். பதில் திருப்தி இல்லையென்றால் ஆய்வறிக்கையில் ஏறும். அதுவும் சரியாகவில்லையென்றால் வரைவுப் பத்தியாகி செயலர் வரை போகும். அச்சில் வருவது மிச்சம் நின்ற கொஞ்சம்தான். முதல் சீட்டிலேயே பணத்தை ஒப்பந்தக்காரர் பில்லில் பிடித்துக் கணக்கை முடித்த விஷயங்கள் எந்த அறிக்கையிலும் வராது.

குறையும் உண்டு. அறிக்கை தாமதமாக வரும்; எழுத்தில் வராத தரகு அதன் கையில் சிக்காது. 2019 பிப்ரவரியில் வைக்கப்பட்ட ரஃபேல் விமான அறிக்கையில் விலை எண்களே மறைக்கப்பட்டிருந்தன. பழைய பேரத்தை விட 2.86 சதவீதம் குறைவு என்ற முடிவு இருந்தது, அதைப் போட்டுப் பார்க்கும் எண்கள் இல்லை. அப்படி வாசகர் சரிபார்க்க முடியாத அறிக்கை பாதி அறிக்கை என்பதே எங்கள் கருத்து.

திட்டச் செலவு ஏறிக்கொண்டே போனால் தானாக நிறுத்தும் சட்டம் எங்காவது இருக்கிறதா?
– பொறியாளர், சென்னை

அமெரிக்காவில் ஆயுதக் கொள்முதலுக்கு இருக்கிறது. 1982-இல் வந்த நன்–மெக்கர்டி விதி. ஒரு கருவியின் அலகு விலை நடப்பு அடிப்படை மதிப்பீட்டை விட 15 சதவீதம், அல்லது முதல் மதிப்பீட்டை விட 30 சதவீதம் ஏறினால் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 25 அல்லது 50 சதவீதம் ஏறினால் திட்டம் ரத்தாகிறது என்றே எடுத்துக்கொள்ளப்படும். வேண்டும் என்றால் பாதுகாப்பு அமைச்சர், தேசப் பாதுகாப்புக்கு அவசியம், மாற்று இல்லை, புதிய மதிப்பீடு நம்பத்தக்கது என்றெல்லாம் சான்று எழுதித் தர வேண்டும். 2024-இல் சென்டினல் ஏவுகணைத் திட்டம் இந்தக் கோட்டைத் தாண்டியது. செலவு 81 சதவீதம் ஏறி சுமார் 14,090 கோடி டாலர். பாதுகாப்புத் துறை சான்று கொடுத்தது, திட்டம் தொடர்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் ஏன் ஏறியது என்ற மூலகாரண ஆய்வு கட்டாயம். அந்த ஏவுகணையில் விலை ஏற்றத்தின் பெரும்பகுதி ஏவுதளக் கட்டுமானத்தில் இருந்தது என்பது அதில்தான் வெளியே வந்தது.

நம் நாட்டில் திருத்திய மதிப்பீடு மறுபடி அனுமதிக்குப் போகும். 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய உள்கட்டமைப்புத் திட்டங்களின் தாமதத்தையும் செலவு ஏற்றத்தையும் புள்ளியியல் அமைச்சகம் மாதந்தோறும் வெளியிடுகிறது. தானாக நிறுத்தும் கோடு கிடையாது. பாதி கட்டிய பாலத்தைக் காட்டி அனுமதி கேட்கும்போது மறுப்பவர் யார்?

வார்டு உறுப்பினர் நான். சந்தேகமான ஒரு கொள்முதலைப் பற்றி ஆர்டிஐ போட்டேன், 400 பக்கம் வந்தது, ஒன்றும் புரியவில்லை. என்ன கேட்டிருக்க வேண்டும்?
– பெரம்பலூர் மாவட்டம்

‘இந்த டெண்டர் சம்பந்தப்பட்ட அனைத்து ஆவணங்களும்’ என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் கட்டு கட்டாகத் தருவார்கள், வேண்டிய தாள் இருக்காது.

வரிசை எண் போட்டு இவற்றைக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, அதன் விலைக்கு ஆதாரம், டெண்டர் அறிவிப்பும் எல்லாத் திருத்த அறிவிப்புகளும், ப்ரீ-பிட் கேள்வி பதில்கள், யாரை ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணத்துடன் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, விலை ஒப்பீட்டு அட்டவணை, பணி ஆணை, ஒப்பந்தம், பொருள் வரவுப் பதிவேட்டின் அந்தப் பக்கம், தர ஆய்வு அறிக்கை, கொடுத்த பில்கள், பிடித்த அபராதம், காலநீட்டிப்பு ஆணைகள். ஒப்பந்தம் முடிவாகும் முன், வந்த டெண்டர்களை மதிப்பிடும் விவரம் ரகசியம், தர மாட்டார்கள். முடிவான பிறகு கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டினால், ஏற்கப்பட்ட விலையும் நிராகரிப்புக் காரணமும் அதில் வராது என்று முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

வந்ததும் படிக்க வேண்டாம், தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பணி ஆணைக்கு முந்தைய தேதியில் பொருள் வந்திருக்கிறதா? ஆய்வு அறிக்கைக்கு முன்பே பில் போயிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்திருக்கிறார்களா? பெரும்பாலான விஷயம் இந்தத் தாளிலேயே வெளிவரும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழி: ஆர்டிஐ சட்டத்தின் 2(j) பிரிவு ‘தகவல் உரிமை’யில் பணியை நேரில் பார்வையிடுவதையும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுப்பதையும் சேர்த்திருக்கிறது. தெருவிளக்கு, குழாய், சீருடைத் துணி எதுவானாலும் மாதிரி கேட்கலாம். துறை அலுவலர் முன்னிலையில் எடுத்து, முத்திரை வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களாக எடுத்துப் போய்ச் சோதித்தது எங்கேயும் செல்லாது.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கிருந்து 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. லஞ்சம் என்பதற்குத் தாள் கையில் இருந்தால் மாநிலத் துறைக்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், மத்திய அலுவலகம் என்றால் அந்தத் துறையின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியோ மத்திய கண்காணிப்பு ஆணையமோ. ஆணையம் பெயரில்லாக் கடிதத்தை எடுக்காது. மத்திய அலுவலகத்தைப் பற்றிய புகாரில் பெயர் வெளியே வரக் கூடாது என்றால் பொதுநல வெளிப்படுத்தல் முறை இருக்கிறது: மூடிய உறையின் மேல் ‘பிஐடிபிஐ’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஆணையச் செயலருக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர், முகவரி உள்ளே இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது.